நிலம் இல்லாத வீட்டுக்கு விளைச்சல் எப்படி வந்து சேர்கிறது?

கேள்வி இது: "விவசாயம் வளர்ந்தால் கிராமத்து வறுமை குறையும் என்கிறார்கள். நிலம் வைத்திருப்பவருக்கு விளைச்சல் கூடினால் அவருக்கு லாபம், சரி. கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அதில் என்ன கிடைக்கும்?"

வட ஆற்காட்டை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன். இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்திருக்கும் பழைய மாவட்டம் அது. வற்றாத ஆறு கிடையாது. பாலாறும் செய்யாறும் வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல்தான். ஏரியையும் கிணற்றையும் நம்பித்தான் வெள்ளாமை. பெரிய பண்ணைகள் குறைவு. ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்களே அதிகம். அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலிக் குடும்பங்கள். கேள்வி கேட்டவர் மனதில் இருப்பது இந்தக் கடைசி வீடுதான் என்று நினைக்கிறேன்.

இந்த மாவட்டத்தில் 11 கிராமங்களை 1973-74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன வருமானம், எதற்குச் செலவு என்று எல்லாம் விசாரித்து எழுதி வைத்தார்கள். சுமார் பத்து வருடம் கழித்து வாஷிங்டனில் உள்ள பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதே ஊர்களுக்குத் திரும்பப் போயின. பீட்டர் ஹேசல், சி. ராமசாமி இருவரும் அந்தக் கணக்குகளைத் தொகுத்து 1991இல் வெளியிட்டார்கள். ஒரே ஊரை இப்படி இரண்டு முறை அளந்து பார்த்த ஆய்வுகள் அபூர்வம். அதனால்தான் இந்த ஊர்களை வைத்துப் பேசுகிறேன்.

இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவே என்ன நடந்தது? குட்டை ரக நெல் ஊர் ஊராகப் பரவியது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது 1966இல். பழைய நெட்டை ரகங்களுக்கு உரம் போட்டால் பயிர் உயரமாக வளர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் காற்றடித்தால் படுத்துவிடும். குட்டை ரகம் உரத்தைத் தாங்கி நிற்கும். ஐந்து, ஆறு மாதம் வயலில் கிடந்த பயிர் நான்கு மாதத்துக்குச் சற்று மேல் ஆனதுமே அறுப்புக்கு வந்தது. அதனால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறவர் சம்பா போகம் முடித்து நவரைப் போகமும், முடிந்தால் சொர்ணவாரிப் போகமும் போடலாம் என்று ஆயிற்று. கிணற்றில் மாடு கட்டிக் கவலை (தண்ணீர் இறைக்கும் தோல் சால்) ஓட்டிய இடத்தில் கரண்ட் மோட்டார் வந்தது. ஐ.ஆர். 8 அரிசி மோட்டா ரகம், சோறு அவ்வளவு நன்றாக இருக்காது. பின்னால் வந்த ஐ.ஆர். 20 சாப்பாட்டுக்கும் பரவாயில்லை, பூச்சியையும் ஓரளவு தாங்கியது. அது வந்த பிறகுதான் தயங்கி நின்றவர்களும் மாறினார்கள்.

முடிவில் ஆய்வாளர்கள் கண்டது இது: விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், அந்தப் பத்து வருடத்தில் சிறு நெல் விவசாயிகளின் வருமானமும் நிலமற்ற கூலிக் குடும்பங்களின் வருமானமும் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தன. பசுமைப் புரட்சி பணக்கார விவசாயிக்கு மட்டுமே பயன்பட்டது என்று அந்தக் காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்டது. இந்த ஊர்களில் அப்படி நடக்கவில்லை.

விளைச்சலின் பலன் எந்த வழியில் அந்தக் கூலி வீட்டுக்குப் போனது என்பதுதான் விஷயம். மூன்று வழிகள் உண்டு. மூன்றாவதைப் பற்றிப் பொதுவாக யாரும் யோசிப்பதில்லை.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது, வேலை நாள். நாற்றங்கால் விடுவது, நாற்றுப் பறிப்பது, நடவு, இரண்டு களை, அறுப்பு, கட்டு சுமப்பது, களத்தில் அடிப்பது, தூற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். கையால் நடும்போது ஒரு ஏக்கர் நடவுக்குப் பதினைந்து, இருபது பெண்கள் ஒரு நாள் முழுக்கக் குனிந்து நிற்க வேண்டும். ஒரு போகம் இரண்டு போகமானால் அத்தனை வேலையும் இரண்டு முறை வரும். ஆனால் இதை மிகைப்படுத்தக் கூடாது. முன்பு மாட்டை வைத்துத் தண்ணீர் இறைத்த ஆளின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. வயலில் கூடிய வேலையில் ஒரு பங்கு அப்படிக் கழிந்துவிட்டது.

இரண்டாவது வழி அரிசி விலை. கூலிக் குடும்பத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போன காலம் அது. கையில் வரும் கூலி அதே அளவாக இருந்தாலும், அரிசி விலை கொஞ்சம் இறங்கினால் அது கூலி ஏறியதற்குச் சமம். கௌரவ் தத், மார்ட்டின் ரவாலியன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1950களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரையிலான இந்தியத் தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஏக்கருக்கு விளைச்சல் கூடியபோது கிராமப்புற வறுமை குறைந்ததையும், கூலி உயர்வும் உணவு விலையும் அதில் பெரும்பங்கு வகித்ததையும் அவர்கள் காட்டினார்கள். இந்தப் பலன் உடனே முழுதாகக் கிடைப்பதில்லை, ஆண்டுகள் போகப் போகத்தான் பெருகுகிறது என்பதும் அவர்கள் கண்டதே. திட்டம் அறிவித்த மறு வருடமே பலனைத் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழும். விவசாயிக்கு நெல் விலை ஏற வேண்டும், கூலிக்காரருக்கு அரிசி விலை இறங்க வேண்டும். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? ஏக்கருக்கு 15 மூட்டை விளைந்த நிலத்தில் 25 மூட்டை விளைகிறது என்று வையுங்கள். செலவு கூடும், ஆனால் அதே அளவுக்குக் கூடாது. ஒரு மூட்டைக்கு ஆகும் செலவு குறையும். விலை சற்று இறங்கினாலும் விவசாயிக்கு மிச்சம் இருக்கும், வாங்குகிறவருக்கும் வயிறு நிறையும். விளைச்சல் கூடாமல் விலையை மட்டும் ஏற்றினால் ஒருவர் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவர் தட்டில் போடுகிற கதைதான். அதிலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்களில் பலர் அறுவடையில் விற்றுவிட்டு, நான்கு மாதம் கழித்துக் கடையில் அரிசி வாங்குகிறவர்கள். அவர்களுக்கு விலை ஏற்றம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி.

மூன்றாவது வழி கடைத்தெரு. என் பார்வையில் இதுதான் பெரியது.

நவரை அறுத்து நெல் விற்றுக் கையில் பணம் வந்த ஒரு இரண்டு ஏக்கர்க்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முதலில் கடை பாக்கி அடைப்பார். அப்புறம் கூரை வீட்டுக்கு ஓடு மாற்றக் கொத்தனாரைக் கூப்பிடுவார். மோட்டார் காயில் எரிந்து கிடந்தால் டவுனில் வைண்டிங் கட்டக் கொடுப்பார். பெண் கல்யாணத்துக்குத் தட்டானிடம் தோடு சொல்வார். வீட்டில் எல்லோருக்கும் துணி, தையல்காரரிடம் அளவு. டீக்கடையில் ஒரு டீ குடித்தவர் இரண்டு குடிப்பார். இந்தச் செலவில் ஏறக்குறைய எதுவும் பத்து, பதினைந்து மைல் தாண்டிப் போகாது. கொத்தனாரும் சித்தாளும் பக்கத்துத் தெரு. வைண்டிங் கடைப் பையன் போன வருடம் வரை மாடு மேய்த்தவனாக இருக்கலாம். நெல் அதிகமாக விளைந்ததால் அரைக்க மில் வேண்டும், ஏற்ற லாரி வேண்டும், தூக்க ஆள் வேண்டும். ஆரணியை இன்றும் அரிசி ஆலைக்கும் பட்டுக்கும்தான் சொல்வார்கள். சுற்றுவட்டாரத்து நெல்தான் அந்த ஆலைகளின் அடித்தளம். அந்த ஊர்ப்புறத்தில் தறி வேலையும் அதே காலத்தில் கிராமங்களுக்குள் பரவியது.

ஹேசல், ராமசாமி ஆய்வில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. விவசாயத்தில் ஒரு ரூபாய் வருமானம் கூடினால், அதே வட்டாரத்தில் விவசாயம் அல்லாத தொழில்களில் இன்னும் 87 காசு வருமானம் உருவானது. அந்த 87 காசில் நிலமற்றவருக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் அதைச் சம்பாதிக்க நிலம் தேவையில்லை. இன்னொன்றும் நடக்கிறது. நான்கு பேர் மில்லுக்கும் தறிக்கும் கொத்து வேலைக்கும் போய்விட்டால், நடவுக்கு ஆள் தேடி நில உடைமையாளர் வீட்டு வாசலுக்கு வர வேண்டியிருக்கும். பேரம் பேசும் பலம் அப்போதுதான் கூலிக்காரர் கைக்கு வருகிறது.

இந்தப் பணம் ஊரிலேயே சுற்றியதற்கு அது சிறு விவசாயிகள் பலர் கைக்கு வந்ததுதான் காரணம். ஐம்பது பேர் ஆளுக்குக் கொஞ்சம் சம்பாதித்தால் அது உள்ளூர்க் கொத்தனாருக்கும் தையல்காரருக்கும் போகும். அதே பணம் ஒரே ஒருவர் கையில் சேர்ந்தால் சென்னையில் வீடாகவும் வெளியூர்ச் சரக்காகவும் போய்விடும். விவசாய வளர்ச்சி ஏழைக்கு உதவுமா என்ற கேள்விக்கு விடை, பெரும்பாலும் அந்த ஊரில் நிலம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

அதற்கு நேர் எதிரான சாட்சி அதே காலத்துத் தஞ்சை. தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு 1960களின் தொடக்கத்தில் நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. காவிரித் தண்ணீர், நல்ல வண்டல் மண், ஆடுதுறை 27 என்ற புது ரகம், உரம், கடன் எல்லாம் வந்தன. குறுவை விளைச்சல் நன்றாகவே கூடியது. ஆனால் கீழத்தஞ்சையில் நிலம் சில மிராசுதார் குடும்பங்களிடம் குவிந்திருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தலித் கூலிகள். விளைச்சல் கூடியபோது, அறுவடைக் கூலியாகக் கூடுதலாகக் கொஞ்சம் நெல் கேட்டார்கள். நில உடைமையாளர்கள் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள், வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மறு வருடம்தான் அந்தப் பகுதிக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

விளைச்சல் கூடினால் பலன் தானாகக் கீழே வடியும் என்று யாராவது சொன்னால் எனக்கு வெண்மணிதான் நினைவுக்கு வருகிறது. அங்கே நெல் குறைவாக விளைந்ததால் அந்தச் சண்டை வரவில்லை. அதிகமாக விளைந்ததில் பங்கு கேட்டதால் வந்தது. கூலிக்காரர் சங்கமும் கூலிச் சட்டமும், ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற நில உச்சவரம்பும் இல்லாமல் அந்த மண்ணில் விளைச்சலின் பலன் குடிசைக்குப் போயிருக்காது. உச்சவரம்பு 1961 சட்டத்தில் 30 ஸ்டாண்டர்ட் ஏக்கராக (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) இருந்து 1970இல் 15ஆகக் குறைக்கப்பட்டது. பினாமிப் பெயர்களில் நிறைய தப்பித்தது என்பதும் உண்மைதான்.

நிலப் பங்கீடு சமமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய அளவில் ஒரு உதாரணம் சீனா. 1978இல் அன்ஹுயி மாகாணத்தின் ஷியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாக ஒரு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். கம்யூன் என்ற கூட்டுப் பண்ணையின் நிலத்தைக் குடும்பங்களுக்குள் பிரித்துக்கொள்வது, அரசுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது என்று முடிவு. பிடிபட்டால் சிறை என்று தெரிந்தேதான் செய்தார்கள். அந்த முறை சில வருடங்களில் நாடு முழுக்கப் பரவியது. அரசும் 1979இல் தானியக் கொள்முதல் விலையை ஏற்றியது. 1978இல் சுமார் 30.5 கோடி டன்னாக இருந்த தானிய உற்பத்தி 1984இல் 40.7 கோடி டன்னைத் தொட்டது. சீன அரசின் அப்போதைய வறுமைக்கோட்டின்படி கிராமப்புற ஏழைகள் 25 கோடியிலிருந்து 1985க்குள் 12.5 கோடியாகக் குறைந்தார்கள். ஷென்ஜென்னின் தொழிற்சாலைகள் உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே வயலில் நடந்த மாற்றம் இது. கம்யூன் நிலத்தைத் தலைக்கணக்கில் பிரித்ததால் அனேகமாக எல்லாக் குடும்பத்துக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. அதனால் விளைச்சலின் பலனும் எல்லா வீட்டுக்கும் போனது.

மறுபடி வட ஆற்காட்டுக்கு வருவோம். அங்கே எல்லாம் நல்லதாகவே நடந்துவிடவில்லை. நெல் போட முடியாத மேட்டு நிலக்காரர்கள் பின்தங்கினார்கள். அவர்களுடைய பயிர் மணிலாக்கொட்டை, அதாவது நிலக்கடலை. நெல்லுக்கு வந்தது போல அதற்கு ஒரு ஐ.ஆர். 8 வரவில்லை. மழை வந்தால் காய், வராவிட்டால் கொடி. ஆராய்ச்சி எந்தப் பயிருக்குப் போகிறதோ அந்தப் பயிர்க்காரர்தான் முன்னேறுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சாமையும் கேழ்வரகும் போடும் ஜவ்வாது மலைக்காரர்களுக்கும் இதே கதிதான்.

அப்புறம் தண்ணீர். மோட்டார் வந்ததும் ஏரியைக் கவனிப்பது குறைந்தது. மதகு பழுதாகிக் கிடக்கும், வரத்துக்கால் தூர்ந்து போகும், ஏரித் தண்ணீரைப் பார்த்துப் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு நெல் அளப்பது நின்று போகும். இலவச மின்சாரம் முதலில் சிறு விவசாயிகளுக்கும், பிறகு எல்லோருக்கும் வந்தது. அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். அது பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் கிணறு வற்றும்போது முதலில் விழுகிறவர் சிறு விவசாயிதான். பக்கத்து வயல்காரர் 600 அடி போர் போட்டால் இவருடைய 50 அடிக் கிணறு காலி. இவர் கடன் வாங்கிப் போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டால், விளைச்சலில் சம்பாதித்ததெல்லாம் அந்த ஒரே குழிக்குள் போய்விடும். ஏரியைத் தூர்வாரி நிரப்பினால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று ஏறும் என்பது அந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏரி வேலையை நான் வறுமை ஒழிப்பு வேலையாகவே பார்க்கிறேன்.

இயந்திரங்களைப் பற்றியும் கேட்பார்கள். அறுவடை இயந்திரம் வந்து கூலிக்காரர் வயிற்றில் அடித்துவிட்டதே என்று. வேறு வேலை எதுவும் இல்லாத ஊரில் அது வந்தால் வயிற்றில் அடிப்பதுதான். கதிர் அறுத்து, களத்துமேட்டில் தன் பங்கு நெல்லை முந்தானையில் வாங்கிப் போன பெண்ணுக்கு அதற்குப் பதில் எதுவும் கிடைக்காது. ஆனால் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகு, ஆள் கிடைக்காத இடத்தை நிரப்பத்தான் அது வந்தது. எந்த வரிசையில் வருகிறது என்பதை வைத்துத்தான் அதை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். டெண்டுல்கர் குழு வகுத்த வறுமைக்கோட்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டின் கிராமப்புற வறுமை 2004-05இல் 37.5 சதவீதம்; 2011-12இல் 15.8 சதவீதம். ஏழே வருடத்தில் இவ்வளவு இறக்கம். இதை வயலின் சாதனையாக மட்டும் காட்ட முடியாது. நூறு நாள் வேலை, ரேஷன் அரிசி, கட்டட வேலை, தொழிற்சாலை எல்லாம் சேர்ந்து செய்தவை. விவசாய வளர்ச்சி முதல் படியை ஏற்றிவிடும். அடுத்தடுத்த படிகளுக்குப் பள்ளிக்கூடமும் சாலையும் வெளி வேலையும் வேண்டும். இந்தியாவில் அரசு எதற்குச் செலவிட்டால் கிராமப்புற வறுமை அதிகம் குறைகிறது என்று ஷெங்கன் ஃபேன், ஹேசல், சுக்தேவ் தோரட் மூவரும் பார்த்தார்கள். ஒரு ரூபாய்க்குக் கிடைத்த பலனில் சாலை முதலிடம், வேளாண் ஆராய்ச்சி இரண்டாமிடம். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ரோடு இல்லாத ஊரில் கத்திரிக்காய் விளைந்தால் அது மாட்டுக்குத்தான்.

கத்திரிக்காய் என்றதும் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையும் கொள்முதல் நிலையமும் இருக்கின்றன. தக்காளிக்கு இல்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் எல்லோருக்கும் நன்றாக விளைந்த வருடம்தான் பறிக்கூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டுகிறார்கள். விளைச்சல் கூடியும் வருமானம் குறைந்த வருடம் அது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இதற்கு ஒரு சிறு மாற்று. ஆனால் டவுனுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது எட்டுகிறது. நிலமற்ற வீட்டுக்குக் கறவை மாடு இதைவிட நம்பகமானது. வரப்புப் புல்லும் வைக்கோலும் நெல் வயலிலிருந்தே கிடைக்கிறது, பால் சங்கத்தில் தினமும் ஊற்றலாம், குறித்த நாளில் பணம் வரும், பல வீடுகளில் அந்தப் பணம் பெண் கைக்கே வரும்.

கடைசியாக, இப்போது செய்ய வேண்டியதில் நான் முதலில் வைப்பது எது என்று கேட்டால் குத்தகைதாரரைச் சொல்வேன். நிலமற்றவர் மேலே ஏறப் பிடிக்கும் முதல் கொம்பு குத்தகைதான். ஊரை விட்டுப் போனவர்களின் நிலம் ஏராளமாகக் கிடக்கிறது. கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர் ஒரு ஏக்கரை வாய்ப்பேச்சில் எடுத்துப் பயிர் வைக்கிறார். கூட்டுறவு வங்கிக்குப் போனால் நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா கேட்பார்கள். அது நிலக்காரர் பெயரில் இருக்கும். பயிர்க் காப்பீடும் அதே கதை. வெள்ள நிவாரணம் வந்தால் அதுவும் பல நேரம் நிலக்காரர் கணக்குக்கே போகும்.

அறுவடைக் காலத்தில் ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். நெல் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திரும்பக் காயவைக்க வேண்டும். மேகம் கூடினால் தார்ப்பாயை இழுத்து மூட ஓடுவார்கள். அவர்களில் குத்தகைக்காரர் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம்: எந்த வயலில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் கையெழுத்து வாங்க நிலக்காரருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் மாறி மாறி போன் போட்டுக்கொண்டிருப்பவர் அவர்தான். அந்த ஒரு தாள் கிடைக்காவிட்டால் அவர் தன் நெல்லை ஆதரவு விலைக்கும் கீழே வியாபாரியிடம் விற்றுவிட்டுப் போவார். ஏக்கருக்கு எவ்வளவு விளைந்திருந்தாலும் சரி.

குத்தகையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969இலேயே சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நிலக்காரர் பயப்படுகிறார். கேட்டால் அடுத்த வருடம் நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். நிலத்தின் மேல் எந்த உரிமையும் கோராமல், இந்தப் போகத்தில் இந்த வயலில் பயிர் வைத்தவர் இவர் என்று மட்டும் சொல்கிற ஒரு சான்று போதும். ஆந்திராவில் 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று கொண்டுவந்து 11 மாதத்துக்கு அப்படி அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கேயும் நிலக்காரர் சம்மதம் வேண்டும் என்பதால் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நம் ஊரில் கிராம நிர்வாக அலுவலர் எப்படியும் அடங்கலுக்காகப் பயிரைப் பார்த்து எழுதத்தான் செய்கிறார். எழுதும்போது வயலில் நிற்கிறவர் பெயரையும் ஒரு தனிக் கட்டம் போட்டு எழுதட்டும்.